கடலூர் வீட்டில் ஒரு சர்வர்: விர்ச்சுவலைசேஷன் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. கீழே முன்னறையில் வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகம். ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு வேலை, உதவியாளர்கள் இருவர். மாடியில் அவரும் மனைவியும். அவருடைய அக்கா மகன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்தபடி மென்பொருள் வேலை பார்க்கிறார். மாமா வீட்டில் கணினி, ரூட்டர், பிரிண்டர் எது மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் போகும். நான் அவருடைய நண்பன். இந்தத் தேர்வு நடந்தபோது கூடவே இருந்தேன்.

2024 தொடக்கத்தில் ரிஃபர்பிஷ்ட் டெஸ்க்டாப் ஒன்று வாங்கினார்கள். எட்டாம் தலைமுறை ஐ5, ஆறு கோர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதிலேயே இருந்தது. டேலி கணக்கு மென்பொருளும் அதன் தரவுக் கோப்புறையும் அதில் இருக்க, உதவியாளர்கள் தங்கள் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகத் திறந்துகொள்வார்கள்.

நாள் முழுக்க ஓடுகிற பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் ஆசை சும்மா இருக்காது. முதலில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் வந்தது. பிறகு போன் படங்களைச் சேர்த்து வைக்க இம்மிச் வந்தது. இரண்டுக்கும் லினக்ஸ் தேவை. விண்டோஸின் மேல் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விர்ச்சுவலைசேஷன் மென்பொருளைப் போட்டு, அதற்குள் உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினி) அமைத்து, இரண்டையும் அதில் வைத்தார் அக்கா மகன். சில மாதங்கள் நன்றாகவே ஓடியது.

கவனிக்கப்பட்டவை

ஓர் இரவு கரண்ட் போய் விடியற்காலையில் வந்தது. பெட்டி தானாக எழுந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆக வேண்டும் என்று பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், அமைத்திருந்தார்கள். ஆனால் விண்டோஸ் லாகின் திரையில் போய் நின்றுகொண்டது. யாராவது கடவுச்சொல் அடித்து உள்ளே போனால்தான் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும். அது ஓடாததால் உபுண்டு எழவில்லை, பை-ஹோலும் எழவில்லை. வீட்டிலுள்ள எல்லா போனுக்கும் ரூட்டர் கொடுத்திருந்த ஒரே டிஎன்எஸ் முகவரி அந்தப் பை-ஹோலுடையது. தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். வைஃபை முழுக் கோடு காட்டுகிறது, ஒரு தளமும் திறக்கவில்லை. நெட் கம்பெனிக்குப் புகார் செய்து, அவர்கள் ஆள் அனுப்பி, ஃபைபர் இணைப்பு சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் விஷயம் அக்கா மகனுக்குத் தெரிந்தது.

விர்ச்சுவல்பாக்ஸை லாகின் இல்லாமலே ஓட வைக்க வழிகள் உண்டு. ஆனால் அது அடிப்படையில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து பயன்படுத்துவதற்கான கருவி. ஆளில்லாமல் ஓடுகிற சர்வருக்கு அதைப் பழக்குவது ஒட்டுப்போடும் வேலைதான்.

வேகமும் ஒரு குறை. புதிதாகப் படங்கள் வந்து சேர்ந்தால் இம்மிச் முகங்களை அடையாளம் காணும் வேலையைத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் டேலி திணறும். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் அவசரத்தில் திணறினால் ஆலோசகருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது பேக்கப். டேலி தரவு பென் டிரைவில் போய்க்கொண்டிருந்தது, சரி. உபுண்டுவின் வட்டு ஒரே பெரிய கோப்பாக இருந்தது. அதை விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டு நகலெடுத்துவந்தார்கள். நகலெடுக்கும்போதே உள்ளே மாற்றம் நடந்துகொண்டிருக்கும் கோப்பு அது. நகலின் தொடக்கம் ஒரு நேரத்து நிலையிலும் முடிவு இன்னொரு நேரத்து நிலையிலும் இருக்கும். திறந்தாலும் திறக்கும்; திறக்காமலும் போகும். யாரும் திறந்து பார்த்ததில்லை.

எதை வைத்துத் தேர்வு செய்வது

2024 ஜூலை வாக்கில் மாற்றியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அக்கா மகன் வழக்கம்போல ஒரு அட்டவணை போட்டார்: கிளஸ்டர் (பல சர்வர்களை ஒன்றாக இணைப்பது), ஜிபியு பாஸ்த்ரூ (கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுப்பது), எத்தனை கோர் வரை, எத்தனை விஎம் வரை. ஆறு கோர் பெட்டிக்கு அதில் பாதி வரிசை வேண்டாதது. ஒரு வீட்டில் கிளஸ்டர் எதற்கு?

பேசிப் பேசி இரண்டு கேள்விக்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பெட்டி இன்று இரவு எரிந்துபோனால், லாஸ்பேட்டையில் அவரிடம் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் நாளை மாலைக்குள் டேலியைத் திறக்க முடியுமா? அத்தை, அதாவது ஆலோசகரின் மனைவி, மட்டும் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், அவரால் இதை ஒழுங்காக அணைக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று வராத மென்பொருள் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

முதல் கேள்விக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மென்பொருள் ஒரு கணினியில் ஓடினால் போதாது, இரண்டிலும் ஓட வேண்டும். மஞ்சக்குப்பத்துப் பெட்டியில் இன்டெல் நெட்வொர்க் சிப். லாஸ்பேட்டைக் கணினியில் ரியல்டெக்.

பரிசீலித்தவை

விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ. விண்டோஸ் இல்லாமல் நேரடியாகக் கணினியில் நிறுவி விஎம்களை ஓட்டும் மென்பொருள். அக்கா மகனுக்கு வேலை இடத்தில் கைப்பழக்கம் உள்ளது, மனம் முதலில் இதில்தான் போனது. ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. நாங்கள் தேர்வு செய்த நேரத்தில் வீட்டுக்காரர்களுக்கு நேர்வழி இல்லை. இலவசப் பதிப்பு இருந்த காலத்திலும், பேக்கப் மென்பொருள்கள் நம்பியிருக்கும் இணைப்புவழி அதில் திறக்கப்படவில்லை. போதாததற்கு ஏழாம் பதிப்போடு பழைய லினக்ஸ் டிரைவர் அடுக்கை நீக்கிவிட்டதால், பலர் கைவைத்தியமாகச் சேர்த்துவந்த ரியல்டெக் டிரைவரும் வேலை செய்யாமல் போனது. லாஸ்பேட்டைக் கணினி அங்கேயே அடிபட்டது. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு மறுபடி வந்தது. அப்போதும் இவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை கதவு சாத்தப்பட்ட வீட்டில் மறுபடி குடிபோக மனம் வரவில்லை.

ஹைப்பர்-வி. மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவலைசேஷன் வசதி, விண்டோஸ் ப்ரோவில் கூடவே வருவது. லாகின் இல்லாமலே விஎம்களை எழுப்பும். முதல் சிக்கலை மட்டும் தீர்ப்பதென்றால் இதுவே போதும், ஒரு நாள் வேலை. ஆனால் அலுவலக விண்டோஸ் அடியில் அப்படியே இருக்கும், அதை முழுதாக எடுத்து இன்னொரு கணினியில் வைக்கும் வழி எளிதாகாது. தனியாக இலவசமாகக் கிடைத்த ஹைப்பர்-வி சர்வரும் 2019 பதிப்போடு நின்றுவிட்டது.

எக்ஸ்சிபி-என்ஜி. ஜென் என்ற ஓப்பன் சோர்ஸ் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளின் வழியில் வந்தது, நல்ல பெயர் உள்ளது. நிர்வாகத்துக்கு ஜென் ஆர்கெஸ்ட்ராவை வழக்கமாகத் தனி விஎம்மாக ஓட்டுவார்கள். 16 ஜிபி ரேமில் அதற்கும் பங்கு கொடுக்க மனமில்லை. அதிகம் அலசவில்லை.

வெறும் டெபியன் லினக்ஸும், விஎம்களை ஓட்டும் அதன் கேவிஎம் வசதியும். அக்கா மகனுக்கு உள்ளூர ஆசை இதில்தான். கேவிஎம் 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது; இதைவிடச் சுத்தமான அமைப்பு கிடையாது. ஆனால் பேக்கப்புக்கும் மீட்புக்கும் அவரே ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளில் வேறு யார் வந்தாலும் அந்த ஸ்கிரிப்டைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் கை வைக்க முடியும்.

ப்ராக்ஸ்மாக்ஸ். அடியில் அதே டெபியன், அதே கேவிஎம். கூடவே எல்எக்ஸ்சி கன்டெய்னர், அதாவது தனி கெர்னல் இல்லாத, விஎம்மைவிட இலகுவான பெட்டகம். உலாவியில் திறக்கும் நிர்வாகத் திரை, அதற்குள்ளேயே நேர அட்டவணைப்படி பேக்கப், ‘மீட்டெடு’ என்று ஒரு பொத்தான். இன்டெல், ரியல்டெக் இரண்டும் எழுந்தன. காகிதத்தில் இதுதான் முன்னால் வந்தது.

ஒத்திகை

காகிதத்தை நம்பி அலுவலகத் தரவை மாற்ற ஆலோசகர் சம்மதிக்கவில்லை, சரியான நிதானம். ஒரு வார இறுதியில் வேறொரு எஸ்எஸ்டி மாட்டி, பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேலை தொடங்கியது.

பழைய விண்டோஸை அப்படியே விஎம்மாக மாற்றாமல் புதிதாக நிறுவினார்கள். பழைய கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த வன்பொருளுக்கானது. அதனால் விஎம்முக்குத் தனி உரிமம் வாங்கினார்கள். நிறுவும்போது, முதல்முறை இதைச் செய்கிற எல்லோரையும் திகைக்க வைக்கும் ஒரு திரை வந்தது: எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. வட்டு பழுதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் தரும் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் வட்டை விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, அந்தத் திரையிலேயே ‘டிரைவரை ஏற்று’ என்று கொடுத்ததும் வட்டு தெரிந்தது.

பேக்கப் எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு லாஸ்பேட்டைக்குக் கிளம்பினோம். அங்கே இருந்த கணினியில் முதலில் விஎம் எழவே மறுத்தது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்து கிடந்தது. பழைய கணினிகளில் அடிக்கடி பார்ப்பதுதான். அதை இயக்கியதும் மீட்பு அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. விஎம்மின் சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ (அந்தக் கணினியின் செயலியை அப்படியே காட்டுவது) என்று வைக்காமல் பொது வகையாக விட்டிருந்தது இங்கே உதவியது: இரண்டு கணினிகளின் செயலிகளும் வெவ்வேறு தலைமுறை, விண்டோஸுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான எம்ஏசி முகவரியும் பேக்கப்பில் இருந்தபடியே வந்தது. டேலியைத் திறந்து, முதல் நாள் மாலை உதவியாளர் போட்ட கடைசி வவுச்சர் எண்ணைப் போனில் கேட்டு ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

எனக்குத் தேர்வு முடிந்தது அந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் பிறகு சேர்த்த காரணங்கள்.

ஆலோசகருக்கு ஒரு சந்தேகம் பாக்கி. நிர்வாகத் திரைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், செல்லுபடியாகும் சந்தா இல்லை என்று ஒரு அறிவிப்பு வரும்.

“இது திருட்டு சாஃப்ட்வேர் இல்லையே தம்பி? நம்ம ஆபீஸ்ல அதெல்லாம் ஆகாது.”

“இல்ல மாமா. ஓப்பன் சோர்ஸ்தான். காசு கட்டினா அவங்க நல்லா சோதிச்ச அப்டேட்டும் உதவியும் கிடைக்கும். கட்டலைன்னாலும் பயன்படுத்தலாம், தப்பில்ல.”

அவர் அதோடு விடவில்லை. உரிம வாசகத்தை அச்செடுத்துத் தரச் சொல்லி ஃபைலில் போட்டுக்கொண்டார். ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. நிறுவியதும் சந்தாக்காரர்களுக்கான அப்டேட் களஞ்சியம்தான் இயங்கும். அது சந்தா இல்லாதவர்களுக்குப் பிழை காட்டும். சந்தா இல்லாதோருக்கான களஞ்சியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ப்ராக்ஸ்மாக்ஸின் அப்டேட் வராமலே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவான அமைப்பு

விண்டோஸ் விஎம்முக்கு 6 ஜிபி ரேம், இம்மிச் ஓடும் டெபியன் விஎம்முக்கு 6 ஜிபி, பை-ஹோல் கன்டெய்னருக்கு அரை ஜிபி, மிச்சம் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு. இம்மிச், செயலிகளைப் பெட்டகங்களாக ஓட்டும் டாக்கரில் ஓடுவது; டாக்கரை எல்எக்ஸ்சியில் வைக்காமல் விஎம்மில் வைக்கச் சொல்வது ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணத்தின் பரிந்துரை, அதன்படியே செய்தார்கள். இம்மிச்சுக்கு இரண்டு கோருக்கு மேல் கொடுக்கவில்லை. டேலி திணறல் அதோடு நின்றது.

வட்டில் தரவை வைக்க இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை வேண்டுமா என்று ஒரு மாலை முழுக்க விவாதம். ஒரே எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். பிழையைக் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்துவதற்கு இரண்டாவது நகல் இல்லை. ரேமையும் கேட்கும், சாதாரண எஸ்எஸ்டியில் எழுத்தும் கூடும். வழக்கமான லினக்ஸ் முறைகளான இஎக்ஸ்டி4-ம் எல்விஎம்-தின்னும் போதும் என்று முடித்தார்கள். விஎம்மின் ஒரு கணத்து நிலையைக் குறித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி அதிலும் உண்டு. ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதை உதவியாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது: அது அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, எஸ்எஸ்டி போனால் அதுவும் போகும்.

விண்டோஸ் விஎம்முக்குள், ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறிய மென்பொருள் நிறுவப்பட்டது. பேக்கப் தொடங்கும் கணத்தில் விண்டோஸ் கோப்பு எழுத்தைச் சற்று நிறுத்திவைக்க அது உதவும். அணைக்கச் சொன்னால் உள்ளிருந்தே ஒழுங்காக அணைக்கும். இரவு பேக்கப் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. டேலியின் சொந்தப் பேக்கப்பும் பழையபடி பென் டிரைவுக்கு.

மின்செலவு பற்றி அத்தை கேட்டார். இந்த வகைப் பெட்டி சும்மா ஓடும்போது 20 வாட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 29 யூனிட். சம்மதித்தார்.

ரூட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி முகவரி ஒன்று சேர்க்கப்பட்டது. இப்படிச் செய்தால் சில சாதனங்கள் பை-ஹோலைச் சுற்றிக்கொண்டு போகும், விளம்பரம் கொஞ்சம் கசியும். கசியட்டும். சர்வர் படுத்தால் வீட்டு நெட்டும் படுப்பதைவிட அது தேவலை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள், தமிழில், பெரிய எழுத்தில்: ‘முன் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுக்கவும். அழுத்திப் பிடிக்கக் கூடாது. விளக்கு அணையும்வரை இன்வெர்ட்டரை அணைக்க வேண்டாம்.’ ஒருமுறை அழுத்தினால் ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு விஎம்மாக மூடிவிட்டுக் கடைசியில் தானும் அணையும். அழுத்திப் பிடித்தால் பிளக்கைப் பிடுங்கியது மாதிரிதான். அத்தையை ஒருமுறை செய்து பார்க்கச் சொன்னோம். விளக்கு உடனே அணையாததால் மறுபடி அழுத்தப் போனார். அதனால் ‘மூன்று நிமிடம் வரை ஆகலாம்’ என்ற வரி பேனாவால் சேர்க்கப்பட்டது.

புயலின்போது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மறுநாளும் அங்கேயே நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தது. புதுச்சேரி-கடலூர் சாலையில் தண்ணீர் ஏறிப் போக்குவரத்து நின்றது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குக் கரண்ட் எப்போது திரும்பும் என்று கணக்குப் போடும் பழக்கமே கிடையாது.

மஞ்சக்குப்பத்து வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் போனது. ஆலோசகர் ஒரு திருமணத்துக்காக வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா மகன் லாஸ்பேட்டையை விட்டு நகர முடியவில்லை. போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அத்தை யாரையும் கேட்கவில்லை. தாளைப் படித்தார், அழுத்தினார், காத்திருந்தார், இன்வெர்ட்டரை ஒரு மின்விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும் மிச்சப்படுத்தினார். சிக்னல் கிடைத்தபோது, “மெஷினை ஆஃப் பண்ணிட்டேன்ப்பா, நீ அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ற?” என்பதுதான் அவர் சொன்னது.

கரண்ட் நிலையாக வந்த பிறகு பொத்தானை அழுத்தியதும் எல்லாம் வரிசையாக எழுந்தன. பை-ஹோல் முதலில், விண்டோஸ் அடுத்து, இம்மிச் கடைசியில். அந்த வரிசையும் இடைவெளியும் நிர்வாகத் திரையில் முன்பே குறிக்கப்பட்டிருந்தன.

ஒரு தடங்கல்

2025-ல் இடம் போதாமல் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி கூடுதலாக மாட்டினார்கள். மாட்டி, மூடி, ஆன் செய்தால் பெட்டி ஓடுகிறது, நிர்வாகத் திரை வரவில்லை, டேலி வரவில்லை. நாளோ 20-ஆம் தேதிக்கு முந்தைய நாள். மானிட்டரை மாட்டிப் பார்த்தபோது விஎம்கள் எல்லாம் உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறியிருந்தது. லினக்ஸ் அந்தப் பெயரை அது உட்கார்ந்திருக்கும் பஸ் எண்ணை வைத்துத் தருகிறது. புதிய எஸ்எஸ்டி நடுவில் நுழைந்ததும் எண் ஒன்று தள்ளிவிட்டது. பெயரில் 2 இருந்த இடத்தில் இப்போது 3. விஎம்களை நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் கோப்பில் இரண்டு இடத்தில் அந்த எண்ணைத் திருத்தி மறுதொடக்கம் செய்ததும் எல்லாம் திரும்பியது.

சிறிய விஷயம்தான். ஆனால் மானிட்டரும் கீபோர்டும் அருகில் இல்லாத இடத்தில், இது தெரியாதவர் கையில் மாட்டியிருந்தால், மென்பொருளையே மறுபடி நிறுவியிருப்பார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஒன்பதாம் பதிப்பில் கார்டின் பெயரை நிலையாகப் பிடித்துவைக்க ஒரு கருவியே தந்திருக்கிறார்கள்.

இனிச் செய்தால் மாற்றுவது

மென்பொருள் தேர்வை மாற்ற மாட்டார்கள். சுற்றியுள்ளவை மாறும்.

முதலில் ரேம். 32 ஜிபி போட்டிருந்தால் விண்டோஸ் 10-க்கும் விண்டோஸ் 11-க்கும் இடையே தடுமாறியிருக்க வேண்டாம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த சமயம் இரண்டையும் கொஞ்ச நாள் பக்கம்பக்கமாக ஓட்டிப் பார்க்க இடம் போதவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்முக்குள்ளேயே மெய்நிகராகத் தருகிறது, அதில் சிக்கல் இல்லை.

பேக்கப் வட்டு ஒன்றுதான் இருந்தது, அதுவும் சர்வருக்குப் பக்கத்திலேயே. கடல் காற்றில் அதன் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருந்ததைப் பார்த்த பிறகு இரண்டாவது வட்டு வாங்கியாயிற்று. ஒன்று மாதம் ஒருமுறை லாஸ்பேட்டைக்குப் போகும், அங்கிருப்பது இங்கே வரும். போகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் விஎம்மைப் பழைய டெஸ்க்டாப்பில் மீட்டு, வவுச்சர் எண் பார்ப்பது என்று பேச்சு. அக்கா மகன் சில மாதம் தவறவிடுகிறார். ஆலோசகர் இப்போது அதை ஜிஎஸ்டி தேதிகள் எழுதிவைக்கும் அதே காலண்டரில் குறித்து, அவரே போன் செய்து கேட்கிறார்.

யுஎஸ்பி வழியே சர்வரோடு பேசும் சிறிய யுபிஎஸ் ஒன்று இன்வெர்ட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் வர வேண்டும். பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாக அணைய அது போதும். பக்கவாட்டுத் தாளை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.